செடி கேட்கும் பதில்: காசித்தும்பைக்கு ஏன் இத்தனை வகை?

பதிலளிப்பவர்: சென்னைக் கல்லூரி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை

எங்கள் மாடித் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஒரே காசித்தும்பைதான் பூக்கிறது. மூணாறு போனபோது ஒரே பாதையோரத்தில் நான்கைந்து வகைகளைப் பார்த்தேன். அங்கே மட்டும் ஏன் இத்தனை?
– வாசகி, நங்கநல்லூர்

நான்கைந்தோடு நிற்பதில்லை அம்மா. மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் முளைப்பதில்லை.

உங்கள் தொட்டியில் முற்றிய காய் இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். பட்டென்று வெடித்துச் சுருண்டு விதைகளைத் தெறிக்கவிடும். எவ்வளவு தூரம்? சில அடிகள்தான். எருக்கு விதை பஞ்சோடு தெரு தாண்டிப் பறக்கிறது, ஆல விதையைப் பறவை சுமந்து போகிறது. காசித்தும்பைக்கு இந்த வசதி எதுவும் இல்லை. தண்டை ஒடித்தால் உள்ளே ஒரே நீர். அதிலும் மலையினங்களுக்கு ஈரமும் குளிர்ச்சியும் இல்லாவிட்டால் வாழ்வே இல்லை.

இப்போது மலையின் அமைப்பைப் பாருங்கள். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர், வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் தாழ்ந்து, வெப்பமாகக் கிடக்கிறது. நாம் பஸ்ஸில் கடந்துவிடுகிற அந்தத் தூரம், ஈரப்பாறையில் வேர்விட்ட சிறு செடிக்குக் கடல். இந்தச் சிகரத்தின் மகரந்தம் அந்தச் சிகரத்தை எட்டுவதில்லை. இங்கே தோன்றிய மரபணு மாற்றம் அங்கே போய்க் கலப்பதில்லை. பல்லாயிரம் தலைமுறைகள் இப்படியே கழிந்தால், ஒரு காலத்தில் உறவாக இருந்தவை தனித்தனி இனங்களாகிவிடும். பனியுகங்கள் இதை இன்னும் தீவிரப்படுத்தின. குளிர்ந்து வறண்ட காலங்களில் சோலைக்காடுகள் (மலையுச்சிப் பள்ளங்களில் உள்ள ஈரக்காடுகள்) சுருங்கிப் புல்வெளி விரிந்தது, அங்கிருந்த செடிகளும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்தன. ஈரம் திரும்பியபோது சோலை மீண்டும் பரவியது. காசித்தும்பைப் பேரினத்தின் பெருக்கத்தில் பெரும்பகுதி கடந்த 50 லட்சம் ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரே மலைக்குள்ளும் பிரிவு உண்டு. சில இனங்கள் பாசி படர்ந்த மரக்கிளைகளில் தொற்றி வளர்கின்றன. சில, பாறையிடுக்கில் கிழங்காக உறங்கி மழைக்காலத்தில் மட்டும் ஓரிரு இலைகளும் பூங்கொத்துமாக எழுகின்றன. சிவந்து பருத்த பூவுக்குத் தேன்சிட்டு வரும், மெல்லிய நீண்ட தேன்குழலுள்ள பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும். தேனுண்ண வருவது யார் என்பது மாறினால், மகரந்தம் போய்ச் சேரும் இடமும் மாறிவிடுகிறது.

அதனால்தான், மலையில் ஓர் ஓடைக்கரையைச் சமன்செய்து விடுதி கட்டுகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஈடாக ஆயிரம் மரக்கன்றுகள் நடுவோம் என்கிறார்கள். எந்தக் கன்றுகளை? அந்த ஒரு மலைக்கே உரிய செடியை எந்த நர்சரியில் போய் வாங்குவார்கள்?

கிண்டிக் காடும் பழமையானதுதானே? சென்னைக்கே உரிய தாவர இனம் அங்கே ஏன் உருவாகவில்லை?
– கல்லூரி மாணவர், வேளச்சேரி

நல்ல கேள்வி தம்பி. நகரத்தின் நடுவே மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் 350-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருப்பதே பெரிய சொத்து. ஆனால் கடலோரச் சமவெளியில் செடிகளைப் பிரித்துவைக்கும் தடை இல்லை. களாப்பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி விதையை எங்கே வேண்டுமானாலும் போடும். அதனால் கிண்டியில் உள்ள களா, தெற்கே வேதாரண்யத்திலும் அதே களாதான்.

ஓரிட இனங்களை, அதாவது ஒரு பகுதிக்கே உரிய இனங்களைப் பார்க்க நீ வெகுதூரம் போக வேண்டாம். திருப்பதி, கடப்பை மலைகளுக்குப் போ. செம்மரம் இயற்கையாக வளர்வது அந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில்தான். சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்த பெட்டோமின் பெயரைத் தாங்கிய சைக்கஸ் (பனைபோலத் தோன்றும், பூக்காத செடி) இனமும் அங்கேயே இருக்கிறது. சைக்கஸ் வகையறா டைனோசர்களுக்கும் முந்தையது. ஆனால் இன்றுள்ள அதன் இனங்களில் பெரும்பாலானவை சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்குள் பிரிந்தவை என்று 2011-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தொன்மையான குடும்பத்தில் எல்லாமே தொன்மையாக இருக்க வேண்டியதில்லை!

புதிய தாவர இனம் உருவாவதை மனிதர்கள் நேரில் கண்டதுண்டா?
– வாசகர், பெரம்பூர்

உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பகுதிக்கு ட்ராகோபோகன் என்ற செடியின் மூன்று இனங்கள் வந்து சேர்ந்தன. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை ஒன்றோடொன்று கலந்தன. கலப்புச் செடிகளின் குரோமோசோம்கள் இரட்டித்து, வளமாக விதை தரும் இரண்டு புதிய இனங்கள் பிறந்தன. 1950-இல் மாரியன் ஓன்பே அவற்றுக்குப் பெயரிட்டார். நம் சப்பாத்திக் கோதுமையும் இதே வழியில் வந்ததுதான்: அதன் 42 குரோமோசோம்கள் மூன்று புல்லினங்களிடமிருந்து 14 வீதம் வந்து சேர்ந்தவை.