வேறு மாநிலத்து டிக்கெட்டைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சொந்த டிரக்கை ஒரு நிறுவனத்திடம் லீஸுக்கு விட்டு நானே ஓட்டுகிறேன். போன வாரம் ஒஹாயோவில் 55 மைல் எல்லையில் 71 மைல் வேகத்தில் போனதாக டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். அபராதம் 195 டாலர். ஆன்லைனில் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். போன வருடம் பென்சில்வேனியாவில் முன்னால் போன வண்டியை ஒட்டிப் போனதாக வந்த டிக்கெட்டையும் அப்படித்தான் கட்டினேன். டிரக் தவணை மாதம் 2,300 டாலர், இன்சூரன்ஸ் 1,200, வீட்டுச் செலவு 3,800. சேமிப்பு 6,000. இந்த அபராதத்தை வரிக்கணக்கில் கழிக்க முடியுமா?

பதில்: தயவுசெய்து அந்த 195 டாலரை இன்னும் கட்டாதீர்கள். நீங்கள் கேட்டது வரி பற்றி. எனக்குக் கவலையெல்லாம் டிரக் போன்ற கனரக வண்டி ஓட்டத் தேவையான உங்கள் சி.டி.எல். உரிமத்தைப் பற்றித்தான்.

அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஒஹாயோ அதைப் பத்து நாளுக்குள் நியூ ஜெர்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. சி.டி.எல். ஓட்டுநர்களின் பதிவுகள் எல்லா மாநிலங்களையும் இணைக்கும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. ஆகவே வேறு மாநிலத்தில் நடந்தது அங்கேயே நின்றுவிடாது.

எல்லையைவிட 15 மைலோ அதற்கு மேலோ போவது ‘கடுமையான மீறல்’ பட்டியலில் வருகிறது. உங்களுடையது 16. முன் வண்டியை ஒட்டிப் போவதும் அதே பட்டியல்தான். டிரக் ஓட்டும்போது மூன்று ஆண்டுக்குள் இப்படி இரண்டு சேர்ந்தால் 60 நாள் டிரக் ஓட்டக்கூடாது, மூன்று சேர்ந்தால் 120 நாள். பென்சில்வேனியா ஏற்கெனவே ஒன்று. ஒஹாயோ டிக்கெட்டைக் கட்டினால் இரண்டு. பிழைப்புக்காக என்று சலுகை உரிமம் வாங்கி அந்த நாட்களில் டிரக் ஓட்டவும் வழியில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 7,300 வீதம் இரண்டு மாதத்துக்கு 14,600 டாலர். கையில் 6,000. பற்றாக்குறை 8,600. நிற்கப்போவது இந்த 195 டாலருக்காக!

அதனால் இந்த வாரமே, டிக்கெட் கொடுத்த கவுண்டியில் சி.டி.எல். வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடம் பேசுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவாக நினைக்காதீர்கள். ‘பாதுகாப்பாக ஓட்டுவது பற்றிய வகுப்புக்குப் போனால் டிக்கெட் பதிவில் வராது’ என்று நண்பர்கள் சொல்வார்கள். கார் உரிமத்துக்கு அது சில இடங்களில் சரி. சி.டி.எல். வைத்திருப்பவரின் மீறலை அப்படி மறைக்க மாநிலங்களுக்கு அனுமதி இல்லை, நீதிபதியே நினைத்தாலும் முடியாது. ஆனால் தீர்ப்புக்கு முன்பே, சாட்சியம் பலவீனமாக இருந்து குற்றச்சாட்டையே குறைத்தால் அது வேறு. வேகம் 15 மைலுக்குக் கீழே என்று முடிந்தாலே உங்களுக்குப் பெரிய நிம்மதி. ரேடார் பதிவு முதல் வேக எல்லைப் பலகை இருந்த இடம் வரை வழக்கறிஞர் அலசட்டும். நீதிமன்றத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

டிக்கெட் குற்றமாக உறுதியானால் 30 நாளுக்குள் லீஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டிரக் ஓட்டக்கூடாது என்ற தகுதி நீக்கம் வந்தால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் சொல்ல வேண்டும். மறைத்தால் வேலையே போகும்.

அந்த நிலை வந்தாலும் டிரக் சும்மா நிற்க வேண்டியதில்லை. நிறுவனமும் இன்சூரன்ஸும் ஒப்புக்கொண்டால் வேறு ஓட்டுநரைப் போட்டு ஓட்டலாம். தவணை தவறும் முன்பே கடன் கொடுத்தவரை அழைத்து, இரண்டு மாதத் தவணையைக் கடைசிக்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள். 30 நாள் தாண்டிய பாக்கி கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறக்கூடும். ஓய்வூதியக் கணக்கில் கை வைக்காதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு.

உங்கள் வரிக் கேள்விக்கு வருகிறேன். முடியாது. பென்சில்வேனியாவில் அதிக பாரம் ஏற்றியதற்குக் கட்டிய அபராதத்தைக் கழிக்க ஒரு டிரக் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1958இல் தோற்றது. தொழில் சார்ந்த இந்த வழக்கறிஞர் கட்டணத்தைப் பொதுவாகக் கழிக்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்தி உங்கள் கணக்காளரிடம் கொடுங்கள்.