கேளுங்கள், சொல்கிறேன்: ஒயின் பீப்பாயில் ஊறிய கறுப்பு பீர்

சென்ற இதழில் ஒயின் பீப்பாயில் ஊறவைத்த இம்பீரியல் ஸ்டவுட் என்கிற கெட்டிக் கறுப்பு பீரைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாமே அதைச் சுற்றித்தான். அதனால் இந்த முறை வேறு பேச்சு இல்லை.

ஐயா, பாரீசிலிருந்து வந்த மருமகன் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ‘இம்பீரியல் ஸ்டவுட், 12 சதவீதம், போர்தோ சிவப்பு ஒயின் பீப்பாயில் ஓராண்டு’ என்று லேபிளில் போட்டிருக்கிறதாம். 330 மில்லிதான். நன்றாகச் சில்லென்று ஆகட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். எப்படிக் குடிப்பது?
— வாசகர், முத்தியால்பேட்டை

குடிக்கிற அன்றைக்கு, முதல் வேலையாக அதை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். வெயிலுக்குக் குடிக்கிற மஞ்சள் பீருக்குத்தான் அந்தச் சில்லிப்பு சரி. இதை 4 டிகிரியில் குடித்தால் கசப்பும் சாராயச் சூடும் மட்டும்தான் தெரியும். வாசனை மொத்தமும் உள்ளேயே அடங்கிவிடும். 12 முதல் 14 டிகிரி வரை இருந்தால் நல்லது. புதுச்சேரி வீட்டு ஹாலில் 20 நிமிடம் வைத்தாலே அந்தப் பதத்துக்கு வந்துவிடும். சித்திரை மாதத்தில் அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

அப்புறம் கிளாஸ். வயிறு அகன்று வாய் குறுகிய பிராந்தி கிளாஸ் இருந்தால் எடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறமும் தெரியாது, வாசனையும் நிற்காது. பாட்டிலை ஒரே ஆளாகக் காலி செய்ய வேண்டாம். நாலு பேருக்கு ஆளுக்கு 80 மில்லி வரும். ருசி பார்க்க அது தாராளம். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். பழுப்பு நுரை கொஞ்சமாக எழும்பிச் சீக்கிரமே அடங்கிவிடும். இவ்வளவு சாராயச் சத்துள்ள, இவ்வளவு நாள் மரத்தில் கிடந்த பீரில் நுரை நிற்காதது குறையில்லை.

உடனே வாயில் வைக்காமல் மூக்கைக் கொண்டுபோங்கள். முதலில் வருவது வறுத்த வாசனை. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியில் ஒரு பகுதியைக் காபிக்கொட்டைக்கு நிகராகக் கறுக்க வறுத்துத்தான் ஸ்டவுட் காய்ச்சுகிறார்கள். காபிப்பொடிக் கடை வாசலைத் தாண்டிப் போய்ப் பழகிய நமக்கு இந்த மணம் அறிமுகமானதுதான். கிளாஸை மெல்லச் சுழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். வறுத்த வாசனை கொஞ்சம் ஒதுங்கும். அதற்குப் பின்னால் கறுப்புப் பழங்கள் வரும்: உலர் திராட்சை, காய்ந்த அத்தி, சில பாட்டில்களில் பிளம். இந்தப் பழ வாசனையில் மால்ட்டின் பங்கும் உண்டு, ஒயினின் பங்கும் உண்டு. இரண்டையும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அதற்கும் பின்னால் வெனிலாவும் லேசான கிராம்பும் வந்தால் அது மரத்தின் வேலை.

இப்போது ஒரு சிறு மிடறு. நாக்கு முழுக்கப் படும்படி உருட்டி, மெதுவாக விழுங்குங்கள். இனிப்பு முதலில் வந்து உடனே போய்விடும். அடுத்து வறுத்த கசப்பு. பிறகுதான் நீங்கள் காத்திருந்த கட்டம்: நாக்கின் ஓரங்களில் ஒரு மெல்லிய புளிப்பு, ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் ஒரு துவர்ப்பு. நாவல்பழம் தின்று முடித்ததும் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதன் சன்னமான வடிவம். சாதாரண ஸ்டவுட்டில் இந்தப் பிடிப்பு இருக்காது. இது ஒயினிலிருந்தும் ஓக் மரத்திலிருந்தும் வந்த டானின் என்கிற துவர்ப்புப் பொருள்.

சமீபத்தில் உப்பளத்தில் ஒரு நண்பர் வீட்டில் இப்படி ஒன்றைத் திறந்தோம். ஊற்றியதும் எல்லோரும் காபி, சாக்லேட் என்றார்கள். பேச்சு சுவாரசியத்தில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அடியில் மிச்சமிருந்ததை வெகுநேரம் கழித்து எடுத்தபோது வேறு ஒன்றாக இருந்தது. சிவப்பு ஒயினின் பழமும், ஈர மர நெடியும், கடைசியில் கொஞ்சம் புகையிலை வாசமும் வந்தன. கிளாஸ் 18 டிகிரிக்கு வந்திருக்கும். இந்த வகை பீர் அந்தக் கடைசிக் கால்வாசிக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். தயவுசெய்து அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள்.

ஸ்டவுட்டில் ஒயினைக் கலந்துவிட்டு ‘பீப்பாயில் ஊறியது’ என்று விற்கிறார்களா? வெறும் காலிப் பீப்பாயால் இவ்வளவு மாற்றம் எப்படி வரும்?
— வாசகி, லாசுப்பேட்டை. வேதியியல் மாணவி

நல்ல கேள்வி அம்மா. காலிப் பீப்பாய் என்பது உண்மையில் காலி இல்லை. பிரான்சில் போர்தோ பக்கம் ஒயின் நிலவறையில் வேலை பார்த்த காலத்தில் பீப்பாய்களைக் கழுவுவது, நிரப்புவது, ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டுவது எல்லாம் என் கையில் இருந்தது. அங்கே பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். ஒயினை இறக்கிய பிறகு உட்பக்கப் பலகையைப் பார்த்தால் ஊதா நிறம் மரத்துக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அத்தனை பலகையும் குடித்து வைத்திருக்கிற ஒயின் சில லிட்டர் தேறும். பீர் உள்ளே போனதும் அது மெல்ல வெளியே வரும். கலப்படம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, மரம். பீப்பாய் செய்யும்போது பலகைகளை வளைக்க நெருப்புக் காட்டுவார்கள். அந்தச் சூட்டில் ஓக் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் உண்டாகிறது. வெனிலாக் காயில் இருக்கிற அதே பொருள். கிராம்பில் இருக்கும் யூஜினால் ஓக்கிலும் உண்டு. தேங்காய் வாசம் தருகிற லாக்டோனும் உண்டு. அது பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக்கில் தூக்கலாக இருக்கும். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற பெயர்கள்தான் எல்லாமே.

மூன்றாவது, காற்று. பலகை வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் ஆக்சிஜன் துளித்துளியாக உள்ளே போகும். அளவோடு போனால் முரட்டுக் கசப்பு தணிந்து, உலர்பழம், ஷெர்ரி ஒயின் வாசனைகள் வரும். அளவு மீறினால் பீர் கெட்டுவிடும். நான் ஒயினில் பார்த்தது இது: பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பீப்பாய்கள், ஒரே திராட்சை, ஒரே நாளில் நிரப்பியவை, ருசியில் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. பீரும் அப்படித்தான். அதனால் காய்ச்சுபவர் ஒவ்வொரு பீப்பாயையும் ருசி பார்த்து, எதை எதனோடு சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்கிறார். பீர் நல்லதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த நாக்கில் தீர்மானமாகிறது.

பர்பன் விஸ்கிப் பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்தான் உலகத்தில் அதிகம். காரணம் எளிது. அமெரிக்கச் சட்டப்படி பர்பனை, புதிதாகச் செய்து உட்புறம் கரித்த ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும். ஒரு முறை பயன்படுத்தியதை மறுபடி பர்பனுக்கு எடுக்க முடியாது, அதனால் ஏராளமாகக் கிடைக்கிறது. அந்த பீரில் வெனிலாவும் தேங்காயும் கேரமலும் கொட்டும். ஏற்கெனவே இனிப்பான ஸ்டவுட்டின் மேல் அது இன்னும் இனிப்பை ஏற்றுகிறது என்பது என் அபிப்பிராயம். ஒயின் பீப்பாய் கொடுப்பது புளிப்பும் துவர்ப்பும். அவை இனிப்பைக் கட்டுக்குள் வைத்து, அடுத்த மிடறுக்கு நாக்கைத் தயாராக்குகின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் ஒயின் பீப்பாயைத்தான் சொல்வேன்.

நண்பன் வீட்டில் திறந்த ஒயின் பீப்பாய் ஸ்டவுட் புளித்துக் கிடந்தது. ‘அப்படித்தான் இருக்கும்’ என்கிறான். நிஜமா?
— வாசகர், வில்லியனூர்

எந்தப் புளிப்பு என்பதைப் பொறுத்தது தம்பி. திராட்சையை ஞாபகப்படுத்துகிற மெல்லிய புளிப்பு என்றால் நண்பர் சொல்வது சரி. மூக்கைக் குத்துகிற வினிகர் நெடி என்றால், காற்று அதிகம் பட்டு அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்கிவிட்டது. நகப்பாலிஷ் வாடையும் இதே வழியில் வருவதுதான். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பீர் பழசாகித் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றில் எது வந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கொட்டிவிடுங்கள்.

தோலும் குதிரை லாயமும் கலந்த வாசனை வந்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட். கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த நீல்ஸ் யெல்ட்டே கிளாசென் 1904-இல் இதைப் பற்றி அறிவித்தார். நாள்பட்ட ஆங்கிலேய பீர்களின் தனி வாசனைக்கு இதுதான் காரணம் என்றார். மரத்தின் இடுக்கில் இது ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. சிலர் வேண்டுமென்றே இதை வளர விடுவதும் உண்டு, எனக்கும் கொஞ்சமாக இருந்தால் பிடிக்கும். ஒன்று கவனம்: மற்ற ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையை இது பாட்டிலுக்குள் இருந்தபடியே தின்று வாயுவை ஏற்றும். திறக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள்.

‘இம்பீரியல்’ என்று ராஜா காலத்துப் பட்டம் எதற்கு?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ரஷ்ய அரசவைக்குப் போன பீர் என்பதால். லண்டன் சதர்க் பகுதியில் திரேல் குடும்பத்தின் ஆங்கர் ஆலை 18-ஆம் நூற்றாண்டில் ஸ்டவுட்டுக்கு முன்னோடியான போர்ட்டர் பீரைக் கெட்டியாகக் காய்ச்சி அனுப்பியது. 1781-இல் அந்த ஆலை பார்க்ளே, பெர்க்கின்ஸ் கைக்கு மாறியது. ரஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சிய போர்ட்டரைக் குடித்ததாக ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் 1796-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பேரரசி இரண்டாம் கேத்தரின் இன்றைய மை நிறத்து ஸ்டவுட்டைப் பார்த்திருக்க வழியில்லை. மால்ட்டை எரித்துவிடாமல் கறுக்க வறுக்கிற உருளைக்கு டேனியல் வீலர் காப்புரிமை வாங்கியது 1817-இல். கேத்தரினோ 1796-இலேயே இறந்துவிட்டார். அவர் குடித்தது அடர் பழுப்பு நிறமாக இருந்திருக்கும். ஆனால் மரத்தில் கிடந்து முதிர்ந்த பீராகத்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் மரத்தை விட்டால் வேறு பாத்திரம் ஏது?

புதுச்சேரியில் இருக்கும் தம்பி ஒரு பாட்டில் வைத்திருக்கிறான். பைக்கில் கடலூருக்கு எடுத்து வந்துவிடவா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

வேண்டாம். புதுச்சேரியிலிருந்து மது கொண்டுபோவது தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் விலை உயர்ந்த பாட்டிலா மலிவான பாட்டிலா என்று பார்க்க மாட்டார்கள். தம்பி வீட்டுக்கே போய் ருசி பாருங்கள். அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.

‘சின்ன பாட்டில், அதுவும் பீர்தானே’ என்று சொல்லி என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வண்டி எடுக்கப் பார்த்தார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. நான் செய்தது அதிகப்படியா?
— வாசகி, நெல்லித்தோப்பு

நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி அம்மா. கணக்கைப் போட்டு அவரிடம் காட்டுங்கள். 5 சதவீத பீர் 650 மில்லி பெரிய பாட்டிலில் சுத்தமான சாராயம் 32.5 மில்லி. 12 சதவீத ஸ்டவுட் 330 மில்லி சின்ன பாட்டிலில் 39.6 மில்லி. பாதி அளவு பாட்டிலுக்குள் பெரிய பாட்டிலைவிட அதிகம் இருக்கிறது. இனிப்பும் கெட்டித்தன்மையும் சேர்ந்து அந்தச் சூட்டை மறைத்துவிடுவதால் ஏறுவது உடனே தெரியாது. குடித்தவர் எதையுமே ஓட்டக்கூடாது, பைக், கார், ஸ்கூட்டர் எதுவும். ருசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு இதை அழுத்திச் சொல்கிற கடமை இருக்கிறது. தினமும் குடிக்கிறவர், நிறுத்த முடியாமல் தவிக்கிறவர் வீட்டில் இந்த மாதிரி பாட்டில் இருக்கவே கூடாது. அவர்களுக்கு என் பக்கம் வேண்டாம், மருத்துவர் வேண்டும்.

இதற்குத் தொட்டுக்கொள்ள என்ன? மிச்சம் பாட்டில்களை எப்படிப் பாதுகாப்பது?
— வாசகர், அரியாங்குப்பம்

மட்டன் சுக்கா, மிளகாய்ப்பொடி தூக்கலான மீன் வறுவல் இரண்டும் வேண்டாம். சாராயம் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். நாக்கு எரிந்த பிறகு துவர்ப்பு எங்கே தெரியும்? ஆரோவில் பக்கம் செய்கிற கெட்டிச் சீஸ் ஒரு துண்டு, 70 சதவீத டார்க் சாக்லேட் ஒரு சில்லு, அல்லது ரம்மில் பழம் ஊறவைத்துச் செய்கிற நம் ஊர் கிறிஸ்துமஸ் கேக். எனக்குப் பிடித்தது எள்ளுருண்டை. வறுத்த எள்ளின் கசப்பும் வெல்லமும் ஸ்டவுட்டின் வறுத்த வாசனையோடு அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. வீட்டில் குடிக்காதவர்களும் கூட உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இன்னொரு வசதி.

பாட்டிலைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பிரான்சில் நிலவறை இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். நம் ஊர் அலமாரியில் மே மாதச் சூட்டில் வைத்தால் சீக்கிரமே அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், கோடை வருவதற்குள் திறந்துவிடுங்கள்.