அக்கா எழுதிய நோட்டு

கேள்வி: எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். என் மகன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறான். ஒன்பது வயது முடிந்துவிட்டது, இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ஆனால் தாத்தாவின் பெட்டிக்கடையில் உட்கார வைத்தால் ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை சரியாகக் கொடுத்துவிடுவான். பள்ளியில் எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறானாம். "வீட்டில் எழுதுகிறவன் இங்கே எழுத மாட்டேன் என்கிறான், எல்லாம் பிடிவாதம்" என்கிறார் டீச்சர். வீட்டுப்பாடம் அவன் அக்காதான் எழுதிக் கொடுப்பாள், ஏழாவது படிக்கிறாள். அவன் கையெழுத்து மாதிரியே கோணலாக எழுதுவாள், கெட்டிக்காரி. போன மாதம் சிறப்பு டீச்சர் ஒருவர் வந்து இவனைப் பார்த்துவிட்டு மருத்துவ முகாமுக்குக் கூட்டிவரச் சொன்னார். "எங்கள் வம்சத்தில் அப்படி யாரும் கிடையாது, சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும்" என்று என் கணவர் தடுத்துவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். மதுரையில் சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய்

பதில்: முகாம், சான்றிதழ், இங்கிலீஷ் மீடியம் எல்லாம் அப்புறம். முதலில் அந்த நோட்டுக்கு வருவோம்.

"அவன் கையெழுத்து மாதிரியே கோணலாக எழுதுவாள், கெட்டிக்காரி." போகிற போக்கில், பெருமையாகவே எழுதிவிட்டீர்கள். ஏழாவது படிக்கிற பெண் பிள்ளை தன் பாடத்தை முடித்துவிட்டுத் தம்பியின் நோட்டை எடுக்கிறாள். நேராக எழுதத் தெரிந்த கையை வேண்டுமென்றே கோணிக்கொண்டு எழுதுகிறாள், டீச்சர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. இதை நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், கெட்டிக்காரி என்று தட்டியும் கொடுத்தீர்கள். உங்கள் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்த உரிமையில் கண்டிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் பிடிவாதம் என்று நினைத்ததில் என்ன தப்பு? இந்தப் பையனுக்கு எழுத வரும் என்று அவர் கையில் இருக்கிற நோட்டு சொல்கிறது. கண்ணெதிரே இருக்கிறவனோ எழுத மாட்டேன் என்கிறான். எழுத வராதவன் என்று தெரிந்தால் உதவி வரும். வந்தும் எழுதாதவன் என்று நினைத்தால் திட்டுதான் வரும். உங்கள் மகன் வாங்குகிற ஒவ்வொரு திட்டும் அந்த நோட்டிலிருந்துதான் புறப்படுகிறது. அவனால் உண்மையைச் சொல்லவும் முடியாது, சொன்னால் அக்கா மாட்டிக்கொள்வாள். ஒன்பது வயதில் இந்த ரகசியத்தையும் சுமந்துகொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் அந்தப் பிள்ளை.

நான் முப்பது வருஷம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மேலூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். நோட்டு பளிச்சென்று இருக்கும், நானும் சிவப்பு மையில் 'நன்று' போட்டுப் போட்டு அனுப்பினேன். அவன் சித்தி எழுதிக் கொடுத்த நோட்டு அது என்று எனக்குத் தெரியவந்தபோது, அவன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டிருந்தான். நான் போட்ட அந்த 'நன்று'கள் இன்னும் என்னை உறுத்துகின்றன.

ஒன்பதாம் வகுப்பில் ஏன் நின்றான் என்றால், நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புவரை யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. நல்ல ஏற்பாடுதான், நான் அதன் பக்கம். ஆனால் வாசிக்க வராத பிள்ளை சத்தமில்லாமல் வகுப்பு வகுப்பாக ஏறிப் போய்விடவும் அதில் இடமிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் ஒன்று முதல் ஐந்து வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். நாலாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பிள்ளை அரும்பிலேயே நின்றால் அது டீச்சருக்கு மணி அடிக்கிற மாதிரி. அந்த மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது உங்கள் வீட்டு நோட்டு.

சரி, அந்தச் 'சிறப்பு டீச்சர்' யார் என்று சொல்கிறேன். அவரைச் சிறப்புப் பயிற்றுநர் என்பார்கள். உங்கள் பள்ளிக்கு மட்டும் உரியவர் இல்லை, வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கிற வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர். ஒருவரே பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும். ஆகவே என்றைக்கு வருவார் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் வேலை. வந்தால் உங்கள் மகனைத் தனியே உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுப்பார், வகுப்பு டீச்சருக்கும் வழி சொல்லிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அவன் படிப்பு வகுப்பு டீச்சர் கையில்தான். அவரிடம் உண்மையை மறைத்தால் சிறப்புப் பயிற்றுநர் வந்தும் பெரிய பலன் இருக்காது.

அவர் தேடுவது பிழையை. நாம் சிவப்பு மையில் சுழிக்கிற இடம்தான் அவருக்கு வழிகாட்டி. பலகையைப் பார்த்து எழுதும்போது சரியாக எழுதிவிட்டு, சொல்லச் சொல்ல எழுதும்போது திணறுகிறானா? 'பள்ளி' என்பதை 'பளி' என்று எழுதுகிறானா? புள்ளி எங்கெல்லாம் விட்டுப்போகிறது? ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு மாறுகிறதா? 'த'வையும் 'ந'வையும் குழப்புகிறானா? ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது இடம் தவறுகிறானா? இதெல்லாம் அவன் கைபட எழுதிய தாளில்தான் தெரியும். அக்கா எழுதிய தாளில் எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் சொல்லெல்லாம் சரியாக இருக்கும். தெரிய வேண்டியது அத்தனையும் அங்கேதான் ஒளிந்துகொண்டது.

பெட்டிக்கடைச் சில்லறை விஷயத்தையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். மனக்கணக்கு வருகிறது, எழுத்து மட்டும் வரவில்லை என்பது அவருக்கு மிகவும் வேண்டிய செய்தி. இன்னதுதான் என்று பெயர் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் கற்றல் குறைபாடு என்று ஒன்று உண்டு. அறிவில் குறையிருக்காது, வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தடங்கல் இருக்கும். அறிவுத்திறன் குறைபாடு வேறு, இது வேறு. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. எட்டு வயதுவாக்கில், அதாவது மூன்றாம் வகுப்பிலேயே, இதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மகனுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்த பிள்ளையை மக்கு என்று ஒதுக்கிய கதை எல்லா ஊரிலும் இருக்கிறது.

நீங்கள் தவறவிட்ட முகாமில் கண், காது மூக்கு தொண்டை, எலும்பு, மனநலம், குழந்தைகள் நலம் என்று டாக்டர்கள் எல்லாரும் உங்கள் வட்டாரத்துக்கே வந்து உட்காருகிறார்கள். போனது போகட்டும், அடுத்த முகாம்வரை கையைக் கட்டிக்கொண்டு இராதீர்கள். சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி, மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போக வழி கேளுங்கள். அறிவுத்திறனை ஒரு சோதனையிலும் வாசிப்பு, எழுத்தை வேறு சோதனையிலும் பார்ப்பார்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் சலித்துக்கொள்ளாமல் மறுபடியும் பஸ் ஏறுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோவோடு அவனே எழுதிய நோட்டையும் கொண்டு போங்கள்.

முத்திரை விழுந்துவிடும் என்கிறார் உங்கள் கணவர். முத்திரை விழுந்து எத்தனையோ நாளாகிறது. 'பிடிவாதக்காரன்' என்பது முத்திரை இல்லாமல் வேறென்ன? அந்த முத்திரையால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் இருந்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம். அவன் சொல்லச் சொல்ல எழுத ஆள் கேட்கலாம். ஒரு மொழிப்பாடத்தில் விலக்குக்கூடக் கேட்கலாம். இப்போது அக்கா திருட்டுத்தனமாகச் செய்கிற வேலையை அன்றைக்கு ஒருவர் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து முறைப்படி செய்வார். இன்னொன்று, சான்றிதழ் கைக்கு வந்தால்தான் வகுப்பில் உதவி என்று கிடையாது. பிள்ளைக்குச் சிரமம் என்று தெரிந்த அன்றே டீச்சர் ஆரம்பிக்கலாம். முன் பெஞ்சில் உட்கார வைப்பது, பதிலை வாயால் சொல்ல விடுவது, பத்து வரிக்குப் பதில் மூன்று வரி எழுதச் சொல்வது, இதற்கெல்லாம் யார் கையெழுத்தும் வேண்டாம்.

அப்புறம், 'தனிநபர் கல்வித் திட்டம்' என்று ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பிள்ளைக்கு இன்றைக்கு என்ன தெரியும், இன்னும் மூன்று மாதத்தில் எதுவரை கொண்டுவரலாம், யார் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவனுக்கென்றே எழுதி வைப்பதுதான். "வாசிப்பு முன்னேற வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'மெய்யெழுத்து வருகிற இருபது சொற்களைத் தடுமாறாமல் வாசிப்பான்' என்கிற மாதிரி எண்ணிப் பார்க்க முடிந்ததாக இருக்க வேண்டும். வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து நீங்களே போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

சிறப்புப் பள்ளிப் பயத்தை விடுங்கள். 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கிற உரிமையை நான் சொன்ன மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தையும் மறந்துவிடுங்கள். தாய்மொழியிலேயே எழுத்துக் கூட்டுகிறவனுக்கு எல்லாப் பாடத்தையும் இங்கிலீஷில் தலையில் ஏற்றிப் பணமும் கட்டுவீர்களா? தனியார் பள்ளிக்கு மாற்றினால் வட்டார வள மையத்துக்காரர் அங்கே வர மாட்டார், கையில் இருக்கிற உதவியும் போய்விடும்.

உங்கள் கணவரிடம் நான் ஒன்று கேட்கிறேன், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரில் காளை வளர்க்கிறவர்கள் இருப்பார்கள். காளை காலை இழுத்து நடந்தால் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். அதன் வம்சத்தில் எதுவும் நொண்டியதில்லை என்று பேசிக்கொண்டு தொழுவத்தில் நிற்க மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்கு அந்த அக்கறையைக் காட்ட வம்சம் எங்கே குறுக்கே வந்தது? வம்சப் பெருமையைக் காப்பாற்றுகிற வேலையை ஏழாவது படிக்கிற மகளிடம் அல்லவா கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்!

எனக்குக் கோபமெல்லாம் அங்கேதான். அக்கா என்றால் இன்னொரு அம்மா என்று நாம் சொல்லிச் சொல்லியே பெண் பிள்ளைகளின் இடுப்பில் தம்பியை ஏற்றி வைத்துவிடுகிறோம். தம்பிமேல் பாசமாக இருப்பது வேறு, அவன் குறையை ஊருக்குத் தெரியாமல் மூடி வைக்கிற பொறுப்பு வேறு. அது பெற்றவர்களின் கடமை தவறியதால் அவள் தலையில் விழுந்த வேலை. அவளைத் திட்டிவிடாதீர்கள். தம்பி திட்டு வாங்கக் கூடாது என்று, பெரியவர்கள் யாரும் எதுவும் செய்யாத வீட்டில் அவளுக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறாள். "இனிமேல் நீ எழுத வேண்டாம், அம்மா பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரியே மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்றே வரி எழுதச் சொல்லுங்கள். ரப்பரை எடுத்து ஒளித்து வையுங்கள். திருத்தாதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள், தேதி மட்டும் போட்டு வையுங்கள். காலையில் அந்தத் தாளோடு டீச்சரைப் போய்ப் பார்த்து, "இதுவரை வந்த வீட்டுப்பாடம் எதுவும் இவன் எழுதியதில்லை, இதுதான் இவன் எழுதியது" என்று சொல்லுங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். டீச்சர் கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை நாள் அந்தக் கோபத்தை வாங்கினவன் உங்கள் மகன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத் துணைக்கு மகளைக் கூப்பிடாதீர்கள், அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவன் அப்பா வரட்டும்.