பழைய சஃபாரிக்கு லிஃப்ட் தேவையா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். 2012ஆம் ஆண்டு பதிவான டாடா சஃபாரி 2.2 டைகோர், ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன். 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரி அலுவலகத்துக்குப் போய்வர இந்த வண்டிதான். மாதம் ஒருமுறை போளூருக்கு அப்பால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள எங்கள் நிலத்துக்குப் போவோம். கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓர் ஓடை. சமீப காலமாக அடிப்பாகம் தட்டுகிறது. 3 அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), 265/75 டயர், புல் பார் (முன்பக்க இரும்புக் காப்பு), ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய்), இன்ஜின் ரீமேப் (திறனைக் கூட்ட இன்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது) ஆகிய ஐந்தையும் 2 லட்சம் ரூபாய்க்குள் செய்து தருவதாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஐந்தில் எதுவும் உங்கள் வண்டிக்கு இப்போது தேவையில்லை. அதே பணத்தில் பெரும்பகுதியை வண்டியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் செலவிட்டால், நீங்கள் சொல்லும் பாதையை இந்த வண்டி சிரமமில்லாமல் கடக்கும். 140 குதிரைத் திறனும், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், 205 மி.மீ. தரை இடைவெளியும், ஃபோர் லோ கியரும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) கொண்ட வண்டி இது. அதன் குறை வடிவமைப்பில் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அது தன் பழைய நிலையிலிருந்து இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில், தட்டுவது எது என்று கண்டுபிடியுங்கள். இதற்கு நான் கையாளும் வழி எளிமையானது. வண்டியின் அடியில் தாழ்வாக இருக்கும் பாகங்களில், அதாவது பின்புற டிஃபரன்ஷியல் உருண்டை (ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி), டிரான்ஸ்ஃபர் கேஸைத் (முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி) தாங்கும் குறுக்குச் சட்டம், சைலன்சர் குழாய், பக்கவாட்டுப் படி ஆகியவற்றில் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். வழக்கமான ஆட்களோடும் சுமையோடும் அந்தப் பாதையில் ஒருமுறை போய்வந்த பிறகு, சுண்ணாம்பு எங்கே வழிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டிஃபரன்ஷியலில் வழிக்கப்பட்டிருந்தால், எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் பயனில்லை. சஃபாரியின் பின்பக்கம் ஒரே இரும்பு ஆக்சில். அது சக்கரங்களோடு பிணைந்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயருமே தவிர, ஆக்சில் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அதை உயர்த்தக்கூடியது டயரின் விட்டம் மட்டுமே. பக்கவாட்டுப் படியில் வழிக்கப்பட்டிருந்தால், படியைக் கழற்றுவதோடு வேலை முடிந்துவிடலாம்.

இனி லிஃப்ட் பற்றி. 2012ஆம் ஆண்டின் இறுதியில் வந்த சஃபாரி ஸ்டார்மில் முன்பக்கமும் காயில் ஸ்பிரிங் உண்டு. உங்களுடையது அதற்கு முந்தைய மாடல். முன்பக்கம் டார்ஷன் பார். நீளவாக்கில் கிடக்கும் எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் ஏற்பாடு இது. ஒரு போல்ட்டை இறுக்கினாலே முன்பக்கம் உயர்ந்துவிடும் என்பதால், லிஃப்ட் என்ற பெயரில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். இறுக்கினால் தண்டு கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஆவதில்லை. மாறாக, சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருந்த இடைவெளி குறைந்துவிடுகிறது. அதனால் பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்குகிறது, வேகத்தடையைத் தாண்டும்போது 'டக்' என்று இறக்கத்தைத் தடுக்கும் கட்டையில் இடிக்கிறது. அதோடு, முன் ஆக்சில் தண்டுகள் அளவுக்கு மீறிய சாய்வில் சுழல்கின்றன. அப்படி உயர்த்தப்பட்ட ஒரு வண்டியை நான் பார்த்தபோது, முன் சக்கரத்தின் உட்புற ரிம் முழுவதும் கறுத்த கிரீஸ் கோலம் போட்டதுபோல் தெறித்திருந்தது. ஆக்சில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் மடிப்போரமாகக் கிழிந்து, உள்ளே மணல் புகுந்து, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் ஜாயின்ட் 'கட கட'வென்று சத்தமிட்டது. லிஃப்ட் செய்து ஓராண்டுகூட ஆகவில்லை என்றார் உரிமையாளர்.

உங்களுக்குத் தேவைப்படுவது இழந்த உயரத்தை மீட்பதுதான். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டு ஓடிய வண்டியில் இடமும் வலமும் ஒத்திருப்பது அரிது. பின்பக்க காயில் ஸ்பிரிங்குகள் இரண்டையும், ஷாக் அப்சார்பர்கள் நான்கையும், லோயர் ஆர்ம் புஷ்களையும் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் உறைகள்), பால் ஜாயின்ட்டுகளையும் புதிதாக மாற்றி, டார்ஷன் பாரைத் தொழிற்சாலை அளவுக்கு மட்டும் சரிசெய்து, பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் ஏராளமாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடியையோ கண்ணாடியையோ அங்கே தாராளமாக வாங்கலாம், ஆனால் ஸ்பிரிங், புஷ், பிரேக் பாகங்களைப் புதியதாகவே வாங்குங்கள்.

டயர் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரியது 235/70 ஆர் 16. அதன் விட்டம் ஏறக்குறைய 735 மி.மீ. ஒர்க்‌ஷாப் சொல்லும் 265/75 ஆர் 16 சுமார் 804 மி.மீ. இது 9 விழுக்காட்டுக்கும் அதிகம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 87 கி.மீ. வேகத்தைத் தாண்டியிருக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் தேயும், திரும்பும்போது டயர் உட்புறம் உரசும். 245/70 ஆர் 16 போட்டால் விட்டம் 749 மி.மீ.தான், வேறுபாடு 2 விழுக்காட்டுக்குள் அடங்கும், ஆக்சிலும் 7 மி.மீ. உயரும். ஆனாலும் என் பரிந்துரை, அதே பழைய அளவில், தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை டயர்தான். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் வகையை எடுக்காதீர்கள். அது நனைந்த தார்ச்சாலையில் வழுக்கும், நீங்களோ ஓராண்டில் பெரும்பாலான நாள்களைத் தார்ச்சாலையில்தான் கழிக்கிறீர்கள். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கூடவே ஒரு சிறிய காற்றடைக்கும் கம்ப்ரசரும் அளவுமானியும் வாங்கி வைத்துக்கொண்டால், சக்கரம் புதையும் மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை இறக்கி மெதுவாக ஓட்டி, தார்ச்சாலை ஏறும் முன் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தவரை இதைவிட அதிகப் பலன் தரும் ஆஃப்ரோடு உபகரணம் வேறில்லை.

ஸ்நார்க்கல் இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும். கியர் பெட்டியையோ ஆக்சிலையோ மின்கம்பிகளையோ காக்காது. ஓடும் வண்டியின் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த ஓடைநீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. பிறகு எண்ணெயை இறக்கிப் பார்த்தால், பால் ஊற்றிய காபியின் நிறத்தில் இருக்கும். இதற்குத் தீர்வு, ஆக்சிலின் மூச்சுக்குழாயை நல்ல ரப்பர் ஹோஸ் கொண்டு உயரமான இடத்துக்கு நீட்டிவிடுவது. மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை. ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தாண்டினால் இறங்கவேண்டாம். மடிப்பாக்கத்து வெள்ளத்துக்கும் ஸ்நார்க்கலை நம்பாதீர்கள். 2024 அக்டோபர் மழையின்போது மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அதுதான் விவேகம். இன்ஜின் தண்ணீரில் நின்றுவிட்டால், எக்காரணம் கொண்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அனுமதியின்றிப் புல் பார் பொருத்துவதன்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின்போது நொறுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதியைப் புல் பார் நேராக வண்டியின் சேசிஸோடு இணைத்துவிடுகிறது. நடந்துபோகிறவர்மீது பட்டால் விளைவு இன்னும் கொடியது. உங்கள் வண்டிக்கு 2027இல் 15 ஆண்டு நிறைவதால், ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அப்போது இந்த மாற்றங்கள் எல்லாம் உங்களுக்கே சுமையாகும். ரீமேப்பைப் பொறுத்தவரை, இந்த வயது டர்போவிடமும் கிளட்ச்சிடமும் கூடுதலாகக் கேட்பது நியாயமில்லை.

மீதிப் பணத்தில், ரேடியேட்டரையும் எல்லா ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள். மே மாதப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏசி போட்டு நெரிசலில் நிற்பது, இந்த இன்ஜினுக்கு மலைப்பாதையைவிடப் பெரிய சோதனை. பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் டிஃபரன்ஷியல் எண்ணெய்களையும் மாற்றுங்கள். சேசிஸ் சட்டங்களை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் உள்ளிருந்து துரு அரித்திருக்கலாம். கடற்காற்று வீசும் ஊரில் வெளியே பூசும் தார்ப்பூச்சு மட்டும் போதாது, சட்டத்தின் உட்குழிவிலும் துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சச் சொல்லுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் குமிழை மாதம் ஒருமுறையாவது திருப்பிப் பயன்படுத்துங்கள். நெடுநாள் அசையாமல் கிடந்தால், அதை மாற்றும் மின்மோட்டார் தேவைப்படும் நேரத்தில் இயங்காது. ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட வேண்டாம், முன்பின் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டுகள் ஒன்றையொன்று எதிர்த்து முறுகும். உங்கள் நிலத்து மண்பாதை தொடங்கும் இடத்தில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் வழக்கமான கியர் வேகத்தில் இயங்கும் நிலை) போட்டு, ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஃபோர் லோவுக்கு மாற்றி, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமல் இறங்கிப் பாருங்கள். மேலே சொன்ன வேலைகளை முடித்த பிறகும் அங்கே தட்டினால், சுண்ணாம்புத் தடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு காப்புத் தகடு பொருத்துவதைப் பற்றி யோசிப்போம்.