இடது கைக்காரருக்கு எந்த மடக்குக்கத்தி?

வாசகர் கேள்வி: தினமும் பையில் வைத்துக்கொள்ள நல்ல மடக்குக்கத்தி ஒன்று வாங்கப்போகிறேன். கிறிஸ் ரீவ் செபென்சா 31, பெஞ்ச்மேட் 940, ஸ்பைடர்கோ பாரா மிலிட்டரி 2 ஆகிய மூன்றில் ஒன்று. அட்டைப்பெட்டி பிரிப்பது, கயிறு அறுப்பது, பழம் நறுக்குவது, இவ்வளவுதான் வேலை. எந்த எஃகு சிறந்தது? நான் இடது கைக்காரன்.

பதில்: உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எஃகை அப்புறம் பார்க்கலாம், முதலில் பூட்டு. வேலையின் நடுவே அலகு விரல்மேல் மடங்காமல் காப்பது அதுதான். இந்த மூன்று கத்திகளும் பெரிதாக வேறுபடுவதும் அங்கேதான்.

செபென்சாவில் இருப்பது ஃபிரேம் லாக். டைட்டானியக் கைப்பிடியின் ஒரு பக்கத்திலேயே நீளவாக்கில் ஒரு பட்டையை வெட்டிவிட்டிருப்பார்கள். அலகு விரிந்ததும் அந்தப் பட்டை உள்ளே வளைந்து அலகின் அடியைத் தாங்கிக்கொள்ளும். இந்த அமைப்பைக் கொண்டுவந்தவரே கிறிஸ் ரீவ்தான். உறுதியில் குறை சொல்லவே முடியாது. ஆனால் மடக்கும்போது அந்தப் பட்டையை ஓரமாகத் தள்ள வேண்டும். வலது கையின் பெருவிரலுக்கு அது இயல்பாக வரும். இடது கையில் அந்த வேலை ஆள்காட்டி விரலுக்குப் போய்விடும். அலகு மடங்கும் வழியிலேயே அந்த விரல் நிற்கும் என்பதால் தினசரிப் பயன்பாட்டுக்கு எனக்கு அது பிடிக்காது.

940இல் ஆக்சிஸ் லாக். கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு சிறிய எஃகுத் தண்டு, இரண்டு பக்கமும் அதன் தலை வெளியே தெரியும். பின்னால் இழுத்தால் அலகு விடுபடும். எந்தக் கையானாலும் ஒரே மாதிரிதான், விரல்களும் அலகின் பாதையில் வராது. தண்டை முன்னே தள்ளி வைத்திருப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள். வருடக்கணக்கில் உழைத்தபின் ஒன்று முறிவதுண்டு, மாற்றிக்கொள்ளலாம். பாரா மிலிட்டரியின் பூட்டான கம்ப்ரஷன் லாக் கைப்பிடியின் முதுகுப்பக்கம் இருப்பதால் அதுவும் பாதுகாப்பானது. இடது கையால் பழகினால் வந்துவிடும், ஆனால் பழக வேண்டும்.

ஆகவே உங்களுக்கு என் தேர்வு 940. எடையும் 80 கிராமை ஒட்டித்தான். பாரா மிலிட்டரி சுமார் 110 கிராம், பெரிய செபென்சா 135 கிராம் வரும். மெல்லிய துணிப் பையில் நாள் முழுக்கத் தொங்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சரி, எஃகு. எஸ்30வி என்ற எஃகு 2001இல் வந்தது, அதன் வழியில் வந்ததுதான் எஸ்45விஎன். 2021இல் வந்த மேக்னாகட் என்ற எஃகு, உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்தது. துரு பிடிக்காமலும் எளிதில் சிதையாமலும் கூர் நிற்பதில் இன்று இதற்கு ஈடு குறைவு. உப்புக்காற்றிலோ கடல்நீரிலோ வேலை என்றால் அதைத் தேடி வாங்குங்கள். உங்கள் வேலைக்கு இந்த மூன்று எஃகுமே தாராளம்.

எஃகின் பெயரைவிட, வெட்டும் விளிம்புக்குப் பின்னால் அலகு எவ்வளவு மெல்லியது என்பதுதான் முக்கியம். ஆப்பிள் ஒன்றே அதைக் காட்டிவிடும். விளிம்பையொட்டியே தடித்த அலகு, பாதி இறங்கியதும் பழத்தை நறுக்காமல் பிளக்கும், 'டப்' என்று சத்தம் கேட்கும். முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே சரிவாக இறங்கும் பாரா மிலிட்டரியின் அலகு பழத்துக்கு அருமை. செபென்சாவின் அலகு பக்கவாட்டில் குழிவாகத் தேய்க்கப்பட்டது. விளிம்பருகே மெல்லியது என்பதால் அட்டை, கயிறெல்லாம் சட்டென்று அறுபடும், ஆழமான வெட்டில் மேல்பகுதி கொஞ்சம் முட்டும்.

தீட்டுவதற்கு வைரத்தூள் பதித்த கல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த எஃகுகளுக்குள் இருக்கும் வனேடியம் கார்பைடு என்ற கடினத் துகள், வழக்கமான அலுமினா சாணைக்கல்லைவிடக் கடினமானது. அட்டையில் கலந்திருக்கும் நுண்துகள்கள் எந்த எஃகையும் மழுக்கும். முழுதும் மழுங்கும்வரை விடாமல் அவ்வப்போது நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

பழச்சாறு அச்சாணிக்குள் போய் ஒட்டும். இந்த விஷயத்தில் செபென்சாவை மிஞ்ச ஆளில்லை. அச்சில் இருக்கும் உருளை இடைவெளியைத் தானே நிர்ணயித்துவிடுவதால், பிரித்துக் கழுவி, திருகை இறுக்கி மூடினாலும் அலகு முன்போலவே சீராக ஆடும். அதன்மேல் மனம் போய்விட்டதென்றால் இடது கைக்கென்றே செய்யப்படும் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் சின்ன அளவில். அதன் அலகு 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

வாங்குமுன் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்பது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்திக்கு மட்டும்தான். நாம் பேசிய மூன்றுமே பூட்டு உள்ளவை. விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள்.