போர்க்காலத்தில் ஜெர்மன் ராணுவத் தலைமையக அதிகாரி ஒருவரின் வாழ்க்கை எப்படி இருந்தது?

முன்னணிப் படைவீரனின் வாழ்க்கையைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால், தலைமையகத்தின் மேசையில் அமர்ந்திருந்தவர்களைப் பற்றிக் கேட்கும் இந்தக் கேள்விக்கு, நான் அதிகம் படித்த ஒருவரை வைத்தே பதில் சொல்கிறேன்: ஹென்னிங் ஃபான் டிரெஸ்கோ.

ஜெர்மன் தலைமையகங்களில் ‘1ஏ’ என்பது போர் நடவடிக்கைப் பிரிவு, ‘1பி’ தளவாட வழங்கல், ‘1சி’ எதிரியைப் பற்றிய தகவல். 1941இல் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த மத்திய ராணுவக் குழுமத்தில் டிரெஸ்கோ 1ஏ. கீழ்ப்படைகளிலிருந்து வரும் காலை, மாலை அறிக்கைகளைத் தொகுப்பதும், வரைபடத்தில் நிலவரத்தைக் குறிப்பதும், தளபதியின் முடிவை உத்தரவாக எழுதுவதும் அவருடைய வேலை. யூதர்கள் கொல்லப்பட்ட செய்திகளும் அந்தத் தலைமையகத்துக்கு வந்தன.

ஹிட்லருக்கு அவர் காட்டிய எதிர்ப்பும் தலைமையக வேலையின் வழியாகவே நடந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. 1943 மார்ச் 13 அன்று ஸ்மோலென்ஸ்க் வந்த ஹிட்லர் திரும்பிச் செல்லும்போது, அவருடன் பயணம் செய்த ஹைன்ஸ் பிரான்ட் என்ற அதிகாரியிடம், பந்தயத்தில் தோற்றதற்காக நண்பருக்குத் தரும் இரண்டு மதுப்புட்டிகள் என்று சொல்லி ஒரு பொதி கொடுத்தனுப்பப்பட்டது. அதில் இருந்தது பிரிட்டிஷ் வெடிமருந்து, அது வெடிக்கவில்லை. மறுநாள் டிரெஸ்கோவின் உதவியாளர் ஃபாபியன் ஃபான் ஷ்லாப்ரென்டார்ஃப், உண்மையான புட்டிகளைக் கொடுத்து அதை மீட்டு வந்தார். (எதுவும் அறியாத அந்த பிரான்ட், ஹிட்லரைக் கொல்ல ஸ்டாஃபென்பெர்க் என்ற அதிகாரி 1944 ஜூலை 20 அன்று வைத்த குண்டு வெடித்ததில் உயிரிழந்தார்.) பின்னர் பெர்லினில் ஸ்டாஃபென்பெர்குடன் சேர்ந்து ஆட்சிக் கவிழ்ப்புக்கான உத்தரவுகளை டிரெஸ்கோ எழுதினார், கைரேகை படியாதிருக்கக் கையுறை அணிந்து அவை தட்டச்சு செய்யப்பட்டன.

இவரை முழு நாயகனாகக் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. போலந்து, உக்ரைன் சிறுவர்களைக் கட்டாய உழைப்புக்குப் பிடித்துச் செல்லும் 1944 ஜூன் 28 உத்தரவில், இரண்டாம் ராணுவத்தின் தலைமையக அதிகாரிகளின் தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டவரும் இவரே.

சதி தோற்றதை அறிந்த அவர், ஜூலை 21 அன்று முன்னணிக்குச் சென்று, எதிரியின் தாக்குதல்போல் தோன்றச் செய்து, கையெறி குண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார். போரில் வீழ்ந்தவர் என்று கருதப்பட்டுக் குடும்ப நிலத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல், உண்மை வெளியானதும் தோண்டியெடுக்கப்பட்டு, சாக்ஸன்ஹவுஸன் வதைமுகாமில் எரிக்கப்பட்டது.