அடுக்களை கேள்வி – பதில்: கருப்பட்டி சேர்த்த கொண்டைக்கடலை விழுது

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், கொண்டைக்கடலையுடன் கோகோ சேர்த்து அரைத்த இனிப்பு ஹம்மஸை அங்கே ஒரு கடையில் வாங்கியதாகவும், பழத்துண்டுகளைத் தொட்டுச் சாப்பிட நன்றாக இருந்ததாகவும் சொன்னாள். நான் வீட்டில் கருப்பட்டி போட்டுச் செய்து பார்த்தேன். கடலையையும் கருப்பட்டியையும் ஒன்றாகக் குக்கரில் வைத்தும் கடலை மசியவில்லை, அரைத்தால் நறநறவென்றிருந்தது. காரணம் என்ன?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டையும் ஒன்றாக வேகவைத்ததுதான் காரணம். பதநீர் புளிக்காமலிருப்பதற்காகக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது பனையேறிகளின் வழக்கம். அதில் ஒரு பகுதி, காய்ச்சிய கருப்பட்டியிலும் தங்கிவிடுகிறது. பயறு வெந்து குழைய வேண்டுமானால் அதன் தோலிலும் உள்ளிருக்கும் நுண்சுவர்களிலும் உள்ள பெக்டின் என்னும் ஒட்டுப்பொருள் கரைய வேண்டும். சுண்ணாம்புச் சத்து அதனோடு சேர்ந்தால் கரைவதற்குப் பதிலாக இறுகிவிடும். பாயசத்துக்குப் பருப்பு நன்றாக மலர்ந்த பிறகே கருப்பட்டிப் பாகை ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லிவருவதும் இதனால்தான். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரிலும் இதே தொல்லை உண்டு என்பதால், கடலையை ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிநீரையே பயன்படுத்துங்கள். நெடுநாள் வெப்பத்தில் கிடந்த பழைய கடலையோ எந்த நீரில் போட்டாலும் எளிதில் குழையாது.

செய்முறையைச் சொல்கிறேன். 150 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையைக் கால் தேக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, கடலையை இரண்டு முறை அலசி, புதிய நீரில் குக்கரில் வைத்து, ஐந்தாறு விசில் வந்ததும் தீயைத் தணித்து மேலும் கால் மணி நேரம் வேகவிடுங்கள். கடையில் உண்ணும் சுண்டலின் பதம் இதற்குப் போதாது. இரு விரலுக்கிடையே வைத்து இலேசாக அழுத்தினாலே கடலை மாவாகிவிட வேண்டும். 80 கிராம் கருப்பட்டியைத் தட்டி, சிறிது நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, தூசியும் மணலும் போக மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் வறுத்து, ஆறியதும் முதலில் அதைத் தனியாக எண்ணெய் விடும்வரை அரைக்க வேண்டும். பிறகு, வெந்த கடலையைச் சூடு தணிவதற்குள் போட்டு, பாகையும் கால் டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலையும் சிறிது சிறிதாக விட்டு அரைத்து, கால் தேக்கரண்டி சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காயின் பொடி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேருங்கள். ஆறினால் விழுது இறுகும் என்பதால், சூடாக இருக்கும்போது சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.

கோகோவை நான் சேர்ப்பதில்லை. அதன் கசப்பை மறைக்க மேலும் இனிப்பு போட வேண்டியிருக்கும். கருப்பட்டியின் மணமும் அதில் அமுங்கிவிடும். லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளில் உண்ணும் ஹம்மஸ், கடலையோடு எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு ஆகியவை சேர்ந்த உப்புப் பண்டம். அதை இனிப்பாக்கியது பின்னாளில் அமெரிக்கக் கடைகள்தாம். ஆகவே, கோகோதான் வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. தொட்டுக்கொள்ள, களக்காட்டுப் பக்கத்து ஏத்தம்பழத்தை ஆவியில் வேகவைத்துத் துண்டுபோட்டால் அதற்கு மிஞ்சியது இல்லை. கொய்யாவும் பொருந்தும், ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும்கூட ஏற்றது.

கேள்வி: எங்கள் ஆச்சிக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பயறும் கருப்பட்டியும்தானே, தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: பயறைப் பற்றி அவர்கள் சொல்வது சரி, கருப்பட்டியைப் பற்றிச் சொல்வது சரியன்று. கொண்டைக்கடலையின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதாலும் நார்ச்சத்து மிகுதியாக இருப்பதாலும், அரிசிப் பண்டங்களைப்போல் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. கருப்பட்டியின் பெரும்பகுதியோ, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். மணமும் சிறிதளவு தாதுக்களும் கூடுதலாக இருக்கின்றன என்பதற்காக அதைச் சர்க்கரை நோய்க்கு உகந்ததென்று விற்பது ஏமாற்று. அதோடு, சர்க்கரைப் பாகைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் நிறைய உலவுகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கும் ஒவ்வொரு வட்டும் அங்கே காய்ச்சியதாகிவிடாது.

மேலே சொன்ன அளவில் ஏறத்தாழ அரைக் கிலோ விழுது கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 35 கிராம் எடுத்தால், அதில் ஐந்தாறு கிராம் கருப்பட்டி இருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குக் கீழேயும், இயன்றால் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழேயும், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரை. உடல்நலத்துடன் இருப்பவருக்கு இந்த விழுது அதற்குள் எளிதாக அடங்கும். ஆச்சிக்கென்றால், கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்து, ஒரு கரண்டி விழுதை, பழம் சேர்க்காமல், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: புரதக் களஞ்சியம் என்று இதைப் பாராட்டுவோர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த இரண்டு கரண்டியில் இருப்பது சுமார் இரண்டரைக் கிராம் புரதம்தான். சர்க்கரை மட்டுமே நிறைந்த ஜாமுக்குப் பதிலாக வைப்பதற்கு இது நல்லது. சுண்டலுக்குப் பதிலாக அன்று.

கேள்வி: கொண்டைக்கடலை இல்லாவிட்டால் பொரிகடலை, சிறுபருப்பு, உளுந்து, நிலக்கடலை இவற்றில் எதை வைத்துச் செய்யலாம்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: சிறுபருப்புதான் முதல் தேர்வு. ஊறவைக்க வேண்டியதில்லை, வாசம் வரும்வரை வறுத்து வேகவைத்தால் அரை மணி நேரத்துக்குள் குழைந்துவிடும். பாயசம் செய்யத் தெரிந்தவர் அதையே இறுக்கமாகக் காய்ச்சியதாக எண்ணிக்கொள்ளலாம். பொரிகடலை ஏற்கெனவே வறுபட்டிருப்பதால், பொடித்துச் சூடான தேங்காய்ப்பாலில் குழைத்தாலே போதும். ஆனால் அது நேரம் ஆக ஆக நீரை உறிஞ்சிக் கெட்டியாகிக்கொண்டே போகும். உளுந்து வேண்டாம், அதன் வழவழப்பு தொட்டுக்கொள்ளும் விழுதுக்கு ஒத்துவராது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டும் உளுந்தங்களியிலேயே அதற்கு நல்ல இடம் இருக்கிறது. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊரில் நிலக்கடலையை விட்டுவிட மனம் வராதுதான்; ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால், அதை மட்டும் அரைத்தால் வெண்ணெய்போல் கனத்துவிடும். எள்ளுக்குப் பதிலாக ஒரு பிடி சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜ்மாவில் செய்ய நினைப்பவர், அதை அரைவேக்காட்டில் ஒருபோதும் அரைக்கக் கூடாது. நன்றாகக் கொதித்து வேகாத ராஜ்மாவில் இருக்கும் நச்சுப்பொருள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, திசையன்விளை

பதில்: நம் பக்கத்து வெயிலில், தேங்காய்ப்பால் சேர்த்த பயறு விழுது மதியம்வரை தாங்காது. பள்ளிக்கென்று செய்யும்போது தேங்காய்ப்பாலை விட்டுவிட்டுக் கொதித்து ஆறிய நீரில் அரைத்து, இரவே குளிர்பெட்டியில் வைத்து, காலை இடைவேளையில் உண்ணும்படி சிறு டப்பாவில் கொடுங்கள். மதிய உணவோடு வேண்டாம். வீட்டில் குளிர்பெட்டியில் வைத்தால், தேங்காய்ப்பால் சேர்த்தது இரண்டு நாளும் சேர்க்காதது நான்கு நாளும் இருக்கும். ஈரக் கரண்டியை மட்டும் விட வேண்டாம். எள் ஒவ்வாத பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் பகிர்ந்து உண்ணும் வழக்கம் இருந்தால், அதில் எள் இருப்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.